மிதத்தலின் மெய் கண்ட ஆர்க்கிமிடீஸ்

கடற்கரை இல்லாத மாவட்டம் நம்முடையது. ஆயினும் என்றும் அவ்வாறே இருந்ததில்லை. 1910-ஆம் ஆண்டு இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்படும்வரை திருவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலி மாவட்டத்தோடு இணைந்திருந்தது. தூத்துக்குடித் துறைமுகமும் அதே மாவட்டத்தின் பகுதியே. பின்னர் இராமநாதபுரத்தோடு சேர்ந்திருந்த காலத்திலும் கீழக்கரையும் தொண்டியும் நம் மாவட்டத்தின் ஊர்களாக இருந்தன. 1985-இல் அம்மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோதுதான் கடல் நம்மைவிட்டு முற்றிலும் விலகிற்று. இன்று இராஜபாளையத்து இளைஞர் ஒருவர் கப்பலைக் காண விரும்பினால் பேருந்தேறித் தூத்துக்குடிக்குத்தான் செல்ல வேண்டும்.

கப்பல் இல்லையென்றாலும் மிதக்கும் பொருள்களுக்கு இங்குக் குறைவில்லை. மலையடிவாரத் தோப்புக் கிணறுகளில் சிறுவர்கள் இரண்டு நெற்றுத் தேங்காய்களை இணைத்துக் கட்டி, அவற்றின்மீது நெஞ்சைச் சாய்த்து நீந்தப் பழகுவதை நாம் கண்டிருக்கிறோம். முன்பெல்லாம் சுரைக்குடுக்கை, பிறகு மூடி இறுக்கிய மண்ணெண்ணெய்த் தகரம், இப்போது நெகிழிக் குடம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வடக்கே திருவில்லிபுத்தூரில் திருமுக்குளம் நிறைந்திருக்கும் ஆண்டுகளில் தெப்பம் மிதக்கிறது. அத்தனை பேரையும் விளக்குகளையும் அலங்காரத்தையும் சுமந்துகொண்டு அது தண்ணீரின்மேல் நகர்வதைக் கரையில் நின்று பார்க்கும் பல்லாயிரவரில், அது ஏன் மூழ்கவில்லை என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

அவ்வாறு எண்ணிப் பார்த்த சிறுவன் ஒருவனை நாம் அறிவோம். சில ஆண்டுகளுக்கு முன், இராஜபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடந்தது. மாலை வேளையில் ஊர்ப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு சிறிய இரும்பு ஆணி தண்ணீரில் மூழ்குகையில் அவ்வளவு பெரிய இரும்புக் கப்பல் மட்டும் எப்படி மிதக்கிறது என்று அவன் நம்மைக் கேட்டான். நாம் தமிழாசிரியர், அறிவியலைப் பள்ளியோடு விட்டவர். நினைவிலிருந்த ஆர்க்கிமிடீஸின் விதியைப் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தோம். சிறுவன் தலையசைத்தான். ஆனால் அவனுக்கு விளங்கவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. உண்மையைச் சொன்னால், நமக்கே விளங்கியிருக்கவில்லை. அந்த நாணமே நம்மை ஆர்க்கிமிடீஸின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது. அவ்வாறு அறிந்தவற்றை இங்கே மாணவர்க்கும் பெரியோர்க்கும் வைக்கின்றோம்.

ஆர்க்கிமிடீஸ் ஏறத்தாழ கி.மு. 287-இல் சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரத்தில் பிறந்தார். தந்தையார் பிடியாஸ் வானநூல் வல்லவர். சிரக்கூஸ் கிரேக்கர் குடியேறி வளர்த்த நகரம். துறைமுகத்தால் வாழ்ந்த நகரம். ஆகவே கப்பல்களைப் பார்த்தே அவர் வளர்ந்திருப்பார் என்று கருதுவதில் தவறில்லை. இளமையில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகருக்குச் சென்று பயின்றார் என்பர். அங்கிருந்த கோனோன், எரத்தோஸ்தனீஸ் முதலிய அறிஞர்களோடு அவருக்கு நட்பு இருந்தது உறுதி. தாம் கண்டுபிடித்த கணித உண்மைகளை ஊர் திரும்பிய பின்பும் அவர்களுக்கு மடலாக எழுதி அனுப்பிவந்தார். அவர் நூல்களுள் பல அம்மடல்களின் வடிவிலேயே நமக்குக் கிடைத்துள்ளன. சிரக்கூஸின் மன்னர் இரண்டாம் ஹியரோன் அவருக்கு உறவினர் என்றும் நண்பர் என்றும் பழைய வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர்.

ஆர்க்கிமிடீஸ் என்றவுடன் எல்லோர்க்கும் நினைவுக்கு வருவது மணிமுடிக் கதையே. மன்னர் முடி செய்யப் பொன் கொடுத்தார். பொற்கொல்லர் வெள்ளியைக் கலந்துவிட்டார் என்ற ஐயம் எழுந்தது. முடியைச் சிதைக்காமல் கண்டறியும் பொறுப்பு ஆர்க்கிமிடீஸிடம் வந்தது. குளிக்கத் தொட்டியில் இறங்கியபோது நீர் வழிவதைக் கண்டு விடை தோன்ற, கண்டுகொண்டேன் என்று கூவியபடி ஆடையையும் மறந்து தெருவில் ஓடினார் என்பது கதை. இதை முதலில் எழுதியவர் உரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ். அவர் வாழ்ந்தது ஆர்க்கிமிடீஸுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர். ஆர்க்கிமிடீஸின் நூல் எதிலும் இந்நிகழ்ச்சி இல்லை.

கதையில் மற்றொரு சிக்கலும் உண்டு. நாம் கணக்கிட்டே பார்த்தோம். ஒரு கிலோ எடையுள்ள முடி முழுதும் பொன்னாயின் ஏறத்தாழ 52 கன சென்டிமீட்டர் நீரை விலக்கும். அதில் பத்தில் மூன்று பங்கு வெள்ளியாயின் 65 விலக்கும். வேறுபாடு 13 கன சென்டிமீட்டரே. முடி அமிழும் அளவுக்கு, இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டப் பாத்திரத்தில் அந்த 13 கன சென்டிமீட்டரால் நீர்மட்டம் அரை மில்லிமீட்டர்கூட உயராது. அதை வெறுங்கண்ணால் யார் அளப்பது? முடியை ஒரு தட்டிலும் அதே எடையுள்ள தூய பொன்னை மறு தட்டிலும் தொங்கவிட்டு, இரண்டையும் நீருக்குள் இறக்கியிருந்தால் கலப்பட முடி இருந்த தட்டு மேலே எழும்பியிருக்கும். அவர் அப்படித்தான் செய்திருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் இளைஞர் கலிலியோ 1586-இல் எழுதினார்.

ஆனால் கலிலியோவுக்கு நெடுங்காலம் முன்பே கிழக்கில் இச்சிக்கல் தீர்க்கப்பட்டிருந்தது. இந்தியாவைப் பற்றிப் பெருநூல் எழுதிய அல்-பிரூனி (973–1048), கழுத்துக் குறுகிய கூம்பு வடிவக் கலம் ஒன்றைச் செய்தார். கழுத்து குறுகலானதால் சிறிதளவு நீர் கூடினாலும் மட்டம் வெளிப்படையாக உயரும். மிகுந்த நீர் பக்கக் குழாய் வழியே தனியே வடியும். அதை நிறுத்துப் பார்த்து உலோகங்களுக்கும் மணிகளுக்கும் அடர்த்தி கண்டார். அவரை அடுத்து மெர்வ் நகரில் வாழ்ந்த அல்-காஸினி, 1121-ஆம் ஆண்டையொட்டி 'மீஸானுல் ஹிக்மா' என்னும் நூலை இயற்றினார். ஞானத் தராசு என்று அதனைத் தமிழில் கூறலாம். ஐந்து தட்டுகள் கொண்ட நீர்த் தராசு அதில் விளக்கப்படுகிறது. அல்-காஸினி அடிமையாக விற்கப்பட்டு வந்தவர். தம்மை வாங்கியவர் தந்த கல்வியால் அரசவை அறிஞராக உயர்ந்தவர். அவர் தம் நூலில் ஆர்க்கிமிடீஸின் கருத்துகளைப் பெயர் சுட்டியே எடுத்துக்கொண்டார்.

மணிமுடி கதையோ நிகழ்வோ, எதுவாயினும் ஆகட்டும். ஆர்க்கிமிடீஸ் தம் கையால் எழுதிய 'மிதக்கும் பொருள்கள்' என்னும் நூல் இரண்டு பகுதிகளாகக் கிடைத்துள்ளது. அதில்தான் அச்சிறுவனின் வினாவுக்கு விடை இருக்கிறது.

நீர் நிறைந்த கிணற்றை எண்ணிக்கொள்க. அதன் நடுவே ஒரு குடம் அளவு நீரை மனத்தால் கோடிட்டுப் பிரித்துக்கொள்க. அந்தக் குடத்தளவு நீர் ஏன் கீழே விழவில்லை? சுற்றியுள்ள நீர் அதனைத் தாங்கி நிற்கிறது. அதன் எடை எவ்வளவோ அவ்வளவு விசையோடு மேல்நோக்கித் தாங்குகிறது. இப்போது அந்த நீரை அகற்றிவிட்டு அதே இடத்தில் வேறொரு பொருளை வைத்தால், சுற்றியுள்ள நீருக்கு ஆள் மாறியது தெரியாது. முன்பு தாங்கிய அதே விசையோடு புதிய பொருளையும் தாங்கும். வந்த பொருள் அகன்ற நீரைவிட எடை மிகுந்ததாயின் கீழே போகும். எடை குறைந்ததாயின் மேலே வரும். இதுவே விதியின் உள்ளீடு. பாடநூலில் நாம் மனப்பாடம் செய்த வாக்கியம் இதன் சுருக்கமேயாகும்.

இனி ஆணியையும் குடத்தையும் காண்போம். 78 கிராம் இரும்பு, கட்டியாக இருந்தால் 10 கன சென்டிமீட்டர் இடமே கொள்ளும். அது விலக்கும் நீரின் எடை 10 கிராம். 78 கிராமை 10 கிராம் விசை தாங்குமா? ஆகவே மூழ்குகிறது. இரண்டு கிலோ எடையும் பன்னிரண்டு லிட்டர் கொள்ளளவும் உடைய பித்தளைக் குடமோ, நீரில் நிமிர்த்து வைத்தால் இரண்டு லிட்டர் நீரை விலக்கும் அளவுக்கு அமிழ்ந்ததும் நின்றுவிடும். எடைக்கு எடை சரியாகிவிட்டது. இன்னும் பத்துக் கிலோ அளவுக்குச் சுமை ஏற்ற இடமிருக்கிறது. அந்தக் குடத்தையே சம்மட்டியால் அடித்துக் கட்டியாக்கிப் போட்டால் கிணற்றின் அடிக்குப் போய்விடும். பித்தளை மாறவில்லை, வடிவம் மாறிவிட்டது. கப்பல் என்பது மிகப் பெரிய இரும்புக் குடம். பத்தாயிரம் டன் எடையுள்ள கப்பல் பத்தாயிரம் டன் நீரை ஒதுக்கித்தான் மிதக்கிறது. அடியில் ஓட்டை விழுந்து நீர் புகுந்தால் குடம் நிறைந்தாற்போல அதுவும் ஆழ்ந்துவிடும்.

மறு ஆண்டு முகாமுக்குச் சென்றபோது ஒரு குடத்தையும் ஆணியையும் கையோடு கொண்டு போனோம். அச்சிறுவனின் குடும்பம் பிழைப்புத் தேடித் திருப்பூருக்குப் போய்விட்டதாக ஊரார் கூறினர். குடத்தை வேறு பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வந்தோம்.

கடல்நீர் கிணற்று நீரைவிடச் சற்றுக் கனமானது. ஒரு கன மீட்டர் நன்னீர் 1,000 கிலோ. கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிலோ. எனவே கடலிலிருந்து ஆற்றுமுகத்துக்குள் நுழையும் கப்பல் தன் சுமையைத் தாங்கச் சற்று மிகுதியான நீரை விலக்க வேண்டியிருக்கிறது. அதாவது சிறிது கூடுதலாக அமிழ்கிறது. பேராசை கொண்ட முதலாளிகள் அளவுக்கு மீறிச் சுமையேற்றி மாலுமிகளைப் பலிகொடுத்த காலத்தில், இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் போராடி 1876-இல் ஒரு சட்டம் கொண்டுவரச் செய்தார். இன்றும் சரக்குக் கப்பலின் பக்கவாட்டில் வட்டமும் கோடுகளும் வரையப்பட்டிருக்கும். நன்னீருக்கு ஒரு கோடு, வெப்பக் கடலுக்கு ஒரு கோடு, குளிர்காலத்துக்கு ஒரு கோடு. தூத்துக்குடிக்குச் செல்லும் மாணவர்கள் அதனைத் தேடிப் பார்க்க வேண்டும்.

மிதந்தால் மட்டும் போதாது, கவிழாமலும் இருக்க வேண்டும். ஆர்க்கிமிடீஸின் நூலில் இரண்டாம் பகுதி இதனையே ஆராய்கிறது. கிண்ணம் போன்ற வளைவுடைய ஒரு வடிவத்தைச் சாய்த்து விட்டால் எப்போது நிமிரும், எப்போது சாய்ந்தே நிற்கும் என்று வடிவ கணிதத்தால் அவர் நிறுவுகிறார். கப்பல் என்று அவர் அங்கே பெயர் சொல்லவில்லை. ஆயினும் கப்பல் கட்டுவோர் பிற்காலத்தில் எழுப்பிய வினா இதுவே. வெறுங்கப்பலில் அடிப்பாரம் வைப்பதும், தெப்பத்தில் பாரமானவற்றைத் தாழ வைப்பதும் இதன்பாற்பட்டவை.

கப்பலோடு அவருக்கு நேரடித் தொடர்பும் இருந்தது. ஹியரோன் மன்னர் அக்காலத்தார் கண்டிராத பெருங்கப்பல் ஒன்றைக் கட்டுவித்தார் என்றும், அதனை நீரில் இறக்க எவராலும் இயலாதபோது ஆர்க்கிமிடீஸ் தாம் அமைத்த பொறியால் இறக்கினார் என்றும், அடித்தட்டில் தேங்கும் நீரை இறைக்கத் திருகுப் பொறியைப் பொருத்தினார் என்றும் பழைய நூல் கூறுகிறது. குழாய்க்குள் திருகாணி சுழல, நீர் படிப்படியாக மேலேறும் அந்தப் பொறி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அக்கப்பல் பெரிதாகிப்போனதால் அதற்கேற்ற துறைமுகம் கிட்டாமல், இறுதியில் எகிப்து மன்னருக்குப் பரிசாக அனுப்பப்பட்டதாம்!

நீர்மூழ்கிக் கப்பலை அவர் அறியார். ஆனால் அதன் இயக்கம் முழுவதும் அவர் விதிக்குள் அடங்கிக் கிடக்கிறது. அதை விளக்க நாம் மேலைநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்போரை நினைத்தால் போதும். பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களுமாகப் பரம்பரை பரம்பரையாக அத்தொழில் செய்தனர். மூச்சை இழுத்து நிறைத்த மனித உடல் கடலில் மிதக்கும். தானே அடிக்குப் போகாது. ஆகவே கயிற்றில் கட்டிய கனத்த கல்லின்மேல் கால் வைத்து, அதன் எடையோடு விரைந்து இறங்குவர். அடியை அடைந்ததும் கல்லை விட்டுவிடுவர். அதனைப் படகிலுள்ளோர் மேலே இழுத்துக்கொள்வர். சிப்பிகளைச் சேர்த்தபின், கல்லின் பாரம் நீங்கிய உடல், கயிற்றின் துணையோடு மேலெழும். பாரத்தைச் சேர்த்தால் இறக்கம். பாரத்தை விட்டால் ஏற்றம்.

நீர்மூழ்கிக் கப்பல் கல்லுக்குப் பதிலாகக் கடல்நீரையே பாரமாகக் கொள்கிறது. ஆட்கள் இருக்கும் உறுதியான உட்கூட்டைச் சுற்றிப் பெரிய தொட்டிகள் உள்ளன. அவற்றின் அடியில் நீர் புகும் துளைகளும் உச்சியில் காற்றுப் போகும் அடைப்பான்களும் இருக்கும். மிதக்கையில் தொட்டிகளில் காற்றே நிறைந்திருக்கும். உச்சி அடைப்பானைத் திறந்தால் காற்று வெளியேற, அடியிலிருந்து நீர் ஏறும்; கப்பலின் எடை கூடிக் கப்பல் ஆழும். தன் எடையும் தான் விலக்கும் நீரின் எடையும் ஒன்றாகும் நிலையில் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நிற்கும். பிறகு மீனின் செதிள்போல் உள்ள பலகைகளைச் சாய்த்து வேண்டிய ஆழத்தில் செல்லும். மேலே வர வேண்டின், உச்சியை அடைத்துக்கொண்டு, உருளைகளில் அழுத்தி வைத்த காற்றைத் தொட்டிக்குள் பாய்ச்சுவர். காற்று நீரை அடித்துளை வழியே தள்ளும். கப்பல் இலேசாகி எழும்.

1967-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் இந்தியக் கடற்படையில் சேர்ந்த முதல் நீர்மூழ்கி 'கல்வரி', மிதக்கையில் ஏறத்தாழ 1,950 டன் நீரையும், மூழ்கியபின் ஏறத்தாழ 2,475 டன் நீரையும் விலக்கிற்று. இடைப்பட்ட ஐந்நூறு டன்னே அது ஏற்று இறக்கிய கல். கடலுக்குள் பத்து மீட்டர் இறங்குந்தோறும் வெளியிலிருந்து ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், உட்கூட்டை உருண்டையான குழல் வடிவில் தடித்த எஃகால் செய்கின்றனர். 2019 வரை நம் அண்டை மாவட்டமாக இருந்த திருநெல்வேலியில், கடலிலிருந்து விலகி விஜயநாராயணத்தில் உயர்ந்த கோபுரங்களோடு ஒரு கடற்படை நிலையம் 1990 முதல் இயங்குகிறது. கட்டபொம்மன் பெயர் தாங்கிய அந்நிலையம் நீருக்கடியில் உள்ள கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகிறது. சாதாரண வானொலி அலை கடல்நீரில் ஊடுருவாது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலையே சில மீட்டர் ஆழம் செல்லும்.

ஆர்க்கிமிடீஸின் இறுதிக்காலம் துயரமானது. ஹியரோன் மன்னர் கி.மு. 215-இல் இறந்தபின் சிரக்கூஸ் உரோமருக்கு எதிராகக் கார்த்தேஜோடு சேர்ந்தது. உரோமத் தளபதி மார்செல்லஸ் கடல்வழியும் நிலவழியும் நகரை முற்றுகையிட்டார். முதிய ஆர்க்கிமிடீஸ் அமைத்த கல்லெறி பொறிகளும், மதிலின்மேலிருந்து நீண்டு வந்து கப்பலின் முனையைக் கொக்கியால் பற்றித் தூக்கிக் கவிழ்க்கும் பொறிகளும் உரோமரை நெடுநாள் தடுத்தன. கப்பல் ஏன் மிதக்கிறது என்று கண்டவரே கப்பல்களை மூழ்கடிக்க நேர்ந்தது. கி.மு. 212-இல் நகரம் வீழ்ந்தது. அவரை உயிரோடு பிடித்து வர வேண்டும் என்று தளபதி விரும்பியும், ஒரு படைவீரனின் வாளுக்கு அவர் இரையானார். அப்போது அவர் ஏதோ வரைபடத்தில் ஆழ்ந்திருந்தார் என்பர். உருளைக்குள் அடங்கிய கோளத்தின் உருவம் அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டது. கி.மு. 75-இல் சிசிலிக்கு அதிகாரியாக வந்த சிசரோ அதனைத் தேடியபோது சிரக்கூஸ் மக்களுக்கே அது இருக்குமிடம் தெரியவில்லை. முட்புதருக்குள் அவரே கண்டுபிடித்துத் துப்புரவு செய்வித்தார்.

கல்லறைக்கு நேர்ந்த கதியே அவருடைய நூல்களுக்கும் நேர இருந்தது. அவற்றுள் பலவற்றைப் பக்தாதில் அரபு மொழிக்குக் கொண்டுவந்தோருள் முதன்மையானவர், 901-இல் மறைந்த தாபித் இப்னு குர்ரா. அவர் முஸ்லிம் அல்லர். ஹர்ரான் நகரத்து ஸாபியீன் சமயத்தவர். அறிவைத் தேடிய கலீபாக்களின் நகரம் அவரை வரவேற்றது. வட்டத்துக்குள் எழுகோணம் வரைவது பற்றி ஆர்க்கிமிடீஸ் எழுதியதாகக் கூறப்படும் நூல் அவருடைய அரபு மொழிபெயர்ப்பால் மட்டுமே இன்று கிடைக்கிறது. 'மிதக்கும் பொருள்கள்' 1269-இல் இலத்தீனுக்குப் போயிற்று. மூலமாக இருந்த கிரேக்க ஏடு அதன்பின் காணாமற்போனது.

காணாமற்போன அந்நூலின் கிரேக்க மூலம் வேறொரு படியில் உயிரோடிருந்தது. பத்தாம் நூற்றாண்டில் தோலில் எழுதப்பட்ட அப்படியை, 1229-இல் எழுத்தைச் சுரண்டிவிட்டு ஒரு வேண்டுதல் நூலாக மாற்றியிருந்தனர். தோல் விலையுயர்ந்த காலம், குறை சொல்வதற்கில்லை. 1906-இல் டென்மார்க் அறிஞர் ஹைபர்க் கான்ஸ்டாண்டிநோபிளில் அதனைப் புரட்டி, வேண்டுதல்களுக்கு அடியில் மங்கிக் கிடந்தவை ஆர்க்கிமிடீஸின் எழுத்துகள் என்று கண்டறிந்தார்.

அதே 1906-இல், அன்றைய நம் மாவட்டத்தின் துறைமுகத்தில், வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே இரண்டு இலட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கிக் கம்பெனியின் செயலாளராகவும் விளங்கினார். மரக்கலத்தாலேயே மரக்காயர் என்று பெயர் பெற்றனர் என்று சொல்லப்படும் சமுதாயத்தார் நிறைந்த கரையில், காலியா, லாவோ என்னும் இரு நீராவிக் கப்பல்கள் 1907-இல் வந்து நின்றன. கோபன்ஹேகனிலும் தூத்துக்குடியிலும் இருந்தோர் ஒருவரையொருவர் அறியார்.

ஹைபர்க் கண்ட ஏடு பின்னர் மீண்டும் மறைந்து, 1998-இல் நியூயார்க் ஏலத்தில் இருபது இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. வாங்கியவர் அதனை அமெரிக்காவின் பால்டிமோர் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க, அறிஞர்கள் பத்தாண்டுக் காலம் பலநிற ஒளியாலும் எக்ஸ் கதிராலும் அதனைப் படம்பிடித்தனர். 2008 முதல் அப்படங்கள் எவரும் காணக் கிடைக்கின்றன. வேண்டுதல் வரிகளுக்குக் குறுக்காக, மங்கிய பழுப்பு நிறத்தில், சிரக்கூஸ் முதியவரின் 'மிதக்கும் பொருள்கள்' அவற்றில் தெரிகிறது.